பழங்கலத்தைத் தட்டிப் பார்த்தவர்கள்

சர்வேயர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் நிலம் அளக்கும் சங்கிலியும், வரப்புத் தகராறும், வட்டாட்சியர் அலுவலகத்துப் படிக்கட்டும் வந்து நிற்கும். கடல் உலகில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே சர்வேயர் என்பவர் கப்பலின் உடலைத் தட்டியும் குத்தியும் சுரண்டியும் பார்த்து, ‘இது கடலைத் தாங்கும்’, ‘இது தாங்காது’ என்று எழுதிக் கையொப்பமிடுபவர். புதுக் கலத்தைவிடப் பழங்கலத்தை வாங்குகிறவனுக்கே அவர் மிகுதியும் தேவைப்படுகிறார். புதுக் கலத்திற்குக் கட்டியவன் பொறுப்பேற்பான். பழங்கலத்தின் குறையை அறிந்தவன் விற்பவன் ஒருவனே. அவன் அதைச் சொல்லப் போவதில்லை. வண்ணப்பூச்சுக்கு அடியில் உளுத்த மரமும், தரைப்பலகைக்குக் கீழே துருவும் வெளியே தெரியாமல் கிடக்கும். நம் கடற்கரைகளில் பழைய வள்ளத்தை விலை பேசப் போகிறவர் அனுபவமுள்ள ஓடாவி ஒருவரை உடனழைத்துச் செல்வது எதற்காகவோ, அதே காரியத்திற்காகத்தான் மேலை நாட்டில் சர்வேயர் என்ற தொழில் பிறந்தது.

ஆனால் அத்தொழிலின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதன் மையத்தில் இருப்பது மரமும் இரும்பும் அல்ல என்பது புலப்படுகிறது. ‘இந்த ஆய்வாளர் யாருடைய ஆள்?’ என்ற கேள்வியே முந்நூறு ஆண்டுகளாக அங்கே நின்றுகொண்டிருக்கிறது. அது மிகப் பழைய கேள்வியுங்கூட. திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில், கிரேத்துத் தீவின் துறையிலிருந்து பயணத்தைத் தொடரலாமா என்ற விவாதம் எழுகிறது. ஆபத்தென்று எச்சரித்த கைதி பவுலின் சொல்லைவிடக் கப்பலோட்டியின் சொல்லையும் கப்பல் உரிமையாளரின் சொல்லையுமே நூற்றுவர் தலைவர் மேலாகக் கருதினார். உரிமையாளருக்குச் சரக்கு போய்ச் சேர்ந்தாக வேண்டும். அவருடைய சொல்லுக்கு அந்தக் கனமும் உண்டு. கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்துக் கரையேறினர். கப்பல் மிஞ்சவில்லை.

பழங்கலம் வாங்கிய வரலாறுகளில் எனக்கு மிகப் பிடித்தது எண்டெவர் கப்பலின் கதை. கேப்டன் ஜேம்ஸ் குக் நியூசிலாந்தைச் சுற்றி வரைபடம் எழுதியதும், ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைக் கண்டதும் அக்கப்பலில்தான். அது அரசு கட்டிய போர்க்கலமன்று. நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த பழைய சரக்குக் கப்பல். 1764இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பி ஊரில் கட்டப்பட்டது. அப்போது அதன் பெயர் எர்ல் ஆஃப் பெம்புரோக்.

1769 ஜூன் 3ஆம் நாள் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் காட்சியைத் தென்கடலிலிருந்து காண வேண்டுமென்று இலண்டன் அரச கழகம் மன்னரை வேண்டிக்கொண்டது. கடற்படை வாரியம் முதலில் தன்னிடமிருந்த கப்பல்களைத்தான் எண்ணிப் பார்த்தது. ஒன்றைப் பழுது பார்த்து முடிக்கவே நெடுநாளாகும் என்று தெரிந்தது. மற்றொன்றில் அத்தனை நீண்ட பயணத்துக்கான உணவுப் பண்டங்களை அடுக்க இடமில்லை. எனவே நிலக்கரி வணிகத்தில் ஓடும் அகன்ற வயிற்றுக் கப்பல் ஒன்றை வாங்கலாம் என்று 1768 மார்ச் மாதத்தில் முடிவாயிற்று. தேம்சு நதிக்கரையில் டெப்ட்ஃபோர்டு என்னுமிடத்தில் இருந்த அரச கப்பல் தளத்தின் அதிகாரிகளுக்கு ஆணை போயிற்று.

அவர்கள் ஒரு கப்பலை மட்டும் பார்த்துவிட்டு எழுதிவிடவில்லை. வாலன்டைன், ஆன் அண்ட் எலிசபெத், எர்ல் ஆஃப் பெம்புரோக் ஆகிய மூன்றையும் பார்த்தார்கள். பெம்புரோக்கின் வயது மூன்று ஆண்டு ஒன்பது மாதம் என்று குறித்தார்கள். கேட்ட கொள்ளளவுக்கு மிக அருகில் வருவது அதுவே என்றார்கள். போட்டிக் கப்பலைவிடப் பதினான்கு மாதம் இளையது என்பதையும் சுட்டினார்கள். அதன் அடிப்பலகை ஓரடுக்கு மட்டுமே என்ற செய்தியையும் மறைக்கவில்லை. கொள்ளளவு 368 டன் என்று கணக்கிடப்பட்டது. மார்ச் இறுதிக்குள் பேரம் முடிந்தது. விலை சுமார் 2,800 பவுன். அதன்பின் அதைத் தளத்தில் ஏற்றிப் பழுது பார்த்துப் புதுத் தளம் இட்டு, வெப்பக் கடலின் துளைப்புழுவுக்கு அஞ்சி அடிப்பகுதிக்கு மேல் இன்னொரு பலகை உறையும் போர்த்தினார்கள். இதற்கு ஆன செலவு 2,294 பவுன். பழையதை வாங்குகிறவன் வாங்கும் விலையோடு தப்பிவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். விட்பியில் தொழில் பயின்றவராதலால் குக்தான் அக்கப்பலைத் தேர்ந்தெடுத்தார் என்று பல நூல்கள் எழுதிவிட்டன. வீரனொருவன் தன் குதிரையைத் தானே தெரிந்தெடுத்தான் என்பது கதைக்கு அழகுதான். ஆனால் குக்குக்கு நியமனம் கிடைத்தது மே மாதத்தில். கப்பல் மார்ச் மாதத்திலேயே வாங்கப்பட்டுவிட்டது. தெரிந்தெடுத்தவர்கள் தளத்தின் அதிகாரிகள். பள்ளிப் பாடங்களில் அவர்களுக்கு இடமில்லை.

அவர்களுடைய தீர்ப்பைக் கடல் சோதித்துப் பார்த்தது. 1770 ஜூன் 11 இரவு, ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் எண்டெவர் மோதிச் சிக்கியது. பீரங்கிகளையும் பாரக் கற்களையும் பிறவற்றையும், சுமார் 40 முதல் 50 டன் வரை, கடலில் வீசி எறிந்தார்கள். ஏறக்குறைய ஒரு நாள் கழிந்தபின் கப்பல் மிதந்தது. பழுது பார்க்க ஆற்று முகத்துவாரம் ஒன்றில் கரையேற்றியபோதுதான் ஓட்டையின் அளவு தெரிந்தது. முறிந்த பவளத் துண்டு ஒன்று அந்த ஓட்டையிலேயே அடைப்பாகச் செருகிக்கொண்டு நீரைத் தடுத்திருந்தது. அதன்பின் படேவியாத் துறைமுகத்தில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சுத் தளத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். அடிப்பலகையைப் புழு தின்று, சில இடங்களில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கனமே எஞ்சியிருந்தது. அதை நம்பித்தான் அத்தனை பேரும் அதுவரை மிதந்து வந்திருக்கிறார்கள். பழுது பார்த்தபின் கப்பல் 1771 ஜூலையில் இங்கிலாந்து திரும்பியது.

புகழ்பெற்ற கப்பல்களின் கதையை இத்தோடு நிறுத்திவிடுவது வழக்கம். என் பார்வையில் சுவையான பகுதி இனிமேல்தான் வருகிறது. சில ஆண்டுகள் ஃபாக்லாந்துத் தீவுகளுக்குச் சரக்கு சுமந்தபின், 1775இல் எண்டெவரைக் கடற்படை 645 பவுனுக்கு விற்றது. அவ்வாண்டே அமெரிக்கக் குடியேற்றங்களில் போர் மூண்டது. படைகளைக் கொண்டுசெல்ல அரசுக்கு வாடகைக் கப்பல்கள் தேவைப்பட்டன. புதிய உரிமையாளர் எண்டெவரை வாடகைக்கு விட முன்வந்தார். சோதித்தவர்கள் அதே டெப்ட்ஃபோர்டு தளத்தார். தகுதியற்றது என்று தள்ளிவிட்டார்கள். உரிமையாளர் சோர்ந்துவிடவில்லை. கப்பலின் பெயரை லார்டு சாண்ட்விச் என்று மாற்றினார். சாண்ட்விச் பிரபு அப்போது கடற்படையின் தலைமை அமைச்சர். பெயரைத் தெரிந்தெடுத்ததிலேயே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. புதுப் பெயரோடு மீண்டும் அதே தளத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

தளத்தார் ஏமாறவில்லை. இது பணிக்குத் தகுதியற்றது, எண்டெவர் என்ற பெயரில் நம்மிடமிருந்து விற்கப்பட்ட கலமே இது, முன்பே மறுக்கப்பட்டது என்ற பொருள்பட எழுதித் திருப்பி அனுப்பினார்கள். பழுதுகள் நீக்கப்பட்ட பிறகு, 1776 தொடக்கத்தில் மூன்றாவது முறை காட்டியபோதுதான் ஏற்றுக்கொண்டார்கள். அமைச்சரின் பெயர் எழுதியிருந்தும் பலகை உளுத்திருந்தால் உளுத்தது என்றே எழுதிய அந்த அதிகாரிகளை நான் மனமார மதிக்கிறேன். அவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? நேர்மை ஒரு காரணமாயிருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. 1768இலும் 1775இலும் அவர்கள் வாங்குகிற தரப்பின் ஊழியர்கள். விற்பவரிடமிருந்தோ வாடகைக்கு விடுபவரிடமிருந்தோ அவர்களுக்கு வரவேண்டிய கூலி ஏதும் இல்லை.

கப்பல் 1778 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூபோர்ட் துறைமுகத்தில், பிரெஞ்சுக் கப்பல்கள் நுழையாதபடி வழியை அடைப்பதற்காக, ஆங்கிலேயராலேயே மூழ்கடிக்கப்பட்டது. அங்கே கண்ட சிதைவொன்று எண்டெவரே என்று ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் 2022இல் அறிவித்தது. உடன் ஆய்வு செய்த அமெரிக்கக் குழுவினர் அந்த முடிவு அவசரமானது என்று மறுத்துரைத்தார்கள்.

அரசிடம் சொந்தத் தச்சர்கள் இருந்தார்கள். வணிகர் என்ன செய்வார்? கப்பலுக்கும் சரக்குக்கும் காப்பீடு கொடுத்தவர்கள் இலண்டனில் எட்வர்ட் லாயிடு என்பவரின் காப்பிக் கடையில் கூடுவது வழக்கம். அலையிலாடும் கப்பலைக் காணாமலேயே அதன்மேல் பணயம் வைப்பவர்கள் அவர்கள். 1760இல் அவர்கள் ஒரு கழகம் அமைத்து, கப்பல்களைப் பார்த்து வர ஆட்களை அமர்த்தி, 1764 முதல் பதிவேடு அச்சிட்டார்கள். கப்பலின் உடலுக்கு ஆங்கில உயிரெழுத்துகளான ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்று தரம். நங்கூரம், வடம், பாய் முதலியவற்றுக்கு நன்று, நடுத்தரம், மோசம் என்று தரம். பின்னர் எண்கள் வந்தன. ‘ஏ ஒன்’ என்று நம்மூர்க் கடைக்காரரும் சொல்லும் பாராட்டு, 1770களின் நடுவில் அந்தப் பதிவேட்டில் பிறந்ததாகும்.

நல்ல தொடக்கம் நாற்பது ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1790களின் இறுதியில் கழகத்தார் தரம் பிரிக்கும் முறையை மாற்றினார்கள். கப்பலின் உண்மை நிலையைப் பாராமல், அது எங்கே கட்டப்பட்டது, எத்தனை வயதானது என்பதை வைத்தே எழுத்து வழங்கினார்கள். தேம்சில் கட்டியவற்றுக்கு நெடுநாள் முதல் தரம். வடபுலத்தில் கட்டியவற்றுக்கு வயது விரைவில் முடிந்தது. நன்கு பேணிய விட்பிக் கப்பல் இரண்டாம் தரம், பேணாத இலண்டன் கப்பல் முதல் தரம் என்ற நிலை வந்தது. பிறந்த ஊரைக் கேட்டு மனிதனுக்குத் தரம் வழங்குவது நமக்குப் புதிதன்று. மரத்துக்கும் அதைச் செய்தார்கள். வெகுண்ட கப்பல் உரிமையாளர்கள் 1799இல் தங்களுக்கென்று தனிப் பதிவேடு தொடங்கினார்கள். காப்பீட்டாளரின் ஏட்டைப் பச்சை நூல் என்றும், உரிமையாளரின் ஏட்டைச் சிவப்பு நூல் என்றும் மக்கள் அழைத்தார்கள்.

இப்போது ஒரே கப்பலுக்கு இரண்டு சாட்சிகள். ஒன்று பணம் இழக்க அஞ்சுபவரின் சாட்சி. மற்றொன்று கப்பலை ஓட்டிப் பணம் பண்ணுபவரின் சாட்சி. இரண்டிலும் நம்பிக்கை குறைந்து, இரண்டும் கடனில் மூழ்கும் நிலைக்கு வந்து, கடைசியில் 1834இல் ஒன்றாயின. காப்பீட்டாளர், உரிமையாளர், வணிகர் ஆகிய மூன்று தரப்பாரும் குழுவில் அமர்ந்தார்கள். எழுதப்பட்ட விதிகள் வந்தன. 60க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் துறைமுகங்களில் அமர்த்தப்பட்டார்கள். இன்றைய லாயிட்ஸ் ரெஜிஸ்டர் இவ்வாறு உருவானதே. இதற்கு ஆறு ஆண்டு முன்னரே, 1828இல், ஆன்ட்வெர்ப் நகரில் பிறந்தது பியூரோ வெரிட்டாஸ்.

ஆயினும் பதிவேட்டில் சேர்வது உரிமையாளரின் விருப்பம். சேராத கப்பல்களில் ஏறிய மாலுமிகளைக் குறித்துக் கவலைப்பட்டவர் யார்? பழங்கலத்தை மலிவாக வாங்கி, மட்டுமீறிச் சரக்கேற்றி, மிகுதியாகக் காப்பீடு செய்து அனுப்புவோர் இருந்தார்கள். மூழ்கினாலும் இலாபம் என்ற நிலையில் ஓடிய அவற்றுக்குச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்று மக்கள் பெயரிட்டார்கள். ஒப்பந்தம் செய்தபின் ஏற மறுத்த மாலுமிகள் சிறைக்குப் போனார்கள். டெர்பித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இதைப் பற்றி நூல் எழுதினார். 1875 ஜூலை 22ஆம் நாள், கப்பல் மசோதாவைப் பிரதமர் டிஸ்ரேலி கைவிட்டபோது, அவையிலேயே முட்டியை உயர்த்திக் கூச்சலிட்டு, உறுப்பினர்களிற் சிலரை வில்லன்கள் என்று வசைபாடினார். அவை மரபுக்கு அது இழுக்கு. மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். அவ்வாண்டே, பாதுகாப்பற்ற கப்பலைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அரசின் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. 1876இன் சட்டம் பாரக்கோடு கட்டாயம் என்றது. ஆனால் கோட்டை எங்கே வரைவது என்பதை உரிமையாளரிடமே விட்டது! ஒருவர் புகைபோக்கியின்மேல் வரைந்துகொண்டார் என்றொரு கதையும் உண்டு. 1890இல்தான் கோட்டின் இடத்தைச் சட்டம் தன் கையில் எடுத்துக்கொண்டது.

பழைய கதை இதோடு தீர்ந்ததென்று நினைப்பவர்கள் அண்மைக்கால வழக்குகளைப் பார்க்க வேண்டும். 1983 பிப்ரவரி 12 அன்று, மரைன் எலக்ட்ரிக் என்ற அமெரிக்க நிலக்கரிக் கப்பல் வர்ஜீனியாக் கரைக்கப்பால் மூழ்கிற்று. 1944இல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்டு, நடுப்பகுதி மாற்றப்பட்ட பழங்கலம். 34 பேரில் 31 பேர் குளிர்நீரில் மாண்டார்கள். சரக்கறை மூடிகள் துருவேறி ஓட்டையும் ஒட்டும் ஆயிருந்தன. சான்றிதழ்களோ எல்லாம் ஒழுங்காக இருந்தன.

பழங்கலம் வாங்குவோர் மறவாதிருக்க வேண்டிய வழக்கு வேறொன்று. மார்னிங் வாட்ச் என்ற உல்லாசப் படகை 1980களில் ஒருவர் விலைக்கு வாங்கினார். விற்பவரின் பொறுப்பில், லாயிட்ஸ் ரெஜிஸ்டரின் ஆய்வாளர் அதைச் சில காலத்துக்கு முன்பு சோதித்திருந்தார். அந்தச் சோதனையை நம்பி வாங்கினார். பின்னர் உடற்பகுதியில் அரிப்பு வெளிப்பட்டது. இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 1990இல் இலண்டன் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தரப்பதிவு ஆய்வாளருக்கு அந்த வாங்குபவரின் பொருள் இழப்பைக் குறித்த சட்டக் கடமை ஏதும் இல்லை. அதற்கு முந்திய 1989இல், வீடு வாங்கிய எளியவர் ஒருவருக்கு, கடன் கொடுத்தவர் அமர்த்திய மதிப்பீட்டாளர் பொறுப்பு என்று பிரபுக்கள் அவை தீர்ப்பளித்திருந்தது. அங்கே கட்டணத்தின் சுமை வாங்குபவர்மேலேயே விழுந்திருந்தது. படகு வாங்கியவருக்கு அந்த நிழல் கிட்டவில்லை.

1995இல் நிக்கலஸ் எச் என்ற கப்பலைப் பற்றிய வழக்கிலும் பிரபுக்கள் அவை இதே வழியில் சென்றது. 1986இல் அதன் உடலில் விரிசல் கண்டது. நிலையான பழுதுநீக்கம் வேண்டும் என்று முதலில் சொன்ன ஆய்வாளர், உரிமையாளர் மறுத்தபின் தற்காலிக ஒட்டு போதும் என்று இசைந்தார். சில நாள்களில் கப்பல் சரக்கோடு மூழ்கிற்று. சரக்குடையவர் ஆய்வாளர் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கு தோற்றது. ஐவரில் ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார். சட்டத்தின் நியாயம் ஒருபுறமிருக்க, முதலில் சொன்ன சொல்லில் அவர் ஏன் நிற்கவில்லை என்ற கேள்வியே என்னை மிகுதியும் வருத்துகிறது.

ஆகவே இன்று பழைய படகு வாங்க நினைப்பவர் முதலில் அறிய வேண்டியது, விற்பவர் நீட்டும் ஆய்வறிக்கை எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது அவருக்காக எழுதப்பட்டதன்று என்பதே. தானே அமர்த்தி, தானே கட்டணம் கொடுத்து, தன் பெயருக்கே அறிக்கை பெற வேண்டும். தரகர் சிரித்த முகத்தோடு ‘நமக்குத் தெரிந்த நல்ல சர்வேயர் இருக்கிறார்’ என்பார். அந்த ஆய்வாளர் நேர்மையாளராகவே இருக்கலாம். ஆனால் அடுத்த மாதமும் அதே தரகரிடமிருந்து அவருக்கு வேலை வரவேண்டும்.

அமெரிக்காவில் சிறு படகுகளைச் சோதிப்பவருக்கு அரசின் உரிமம் எதுவும் தேவையில்லை. யாரும் அட்டை அச்சிட்டுக்கொள்ளலாம். அந்தக் குறையை ஈடுசெய்யத் தொழில் சங்கங்கள் எழுந்தன. 1960இல் தேசிய கடல்சார் ஆய்வாளர் சங்கமும், பின்னர் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளர் சங்கமும் அங்கே தோன்றின. பயிற்சியும் தேர்வும் வைத்து உறுப்பினராக்குகிறார்கள். சங்க உறுப்பினர் என்பது ஒரு நல்ல தொடக்கம்தான். அதற்குமேல் நாமே விசாரிக்க வேண்டியவை உண்டு. மரப்படகில் கைதேர்ந்தவர் கண்ணாடியிழைப் படகில் அப்படி இருக்கவேண்டுமென்பதில்லை. மரத்தில் சுத்தியலின் ஓசையும் ஊசிமுனையின் இறக்கமும் பேசும். கண்ணாடியிழையில் ஈரமானி வேண்டும். அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்து கொப்புளம் எழுந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். எஃகில் ஒலியலைக் கருவியால் தகட்டின் கனத்தை இடம் இடமாக அளக்க வேண்டும். இன்ன வகைப் படகுகளை எத்தனை பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்பது அவமதிப்பாகாது. முன்பு எழுதிய அறிக்கை ஒன்றைப் பெயர்களை மறைத்துக் காட்டச் சொல்லலாம். பொதுவாக நல்ல நிலை, வயதுக்கேற்ற தேய்மானம் என்ற சொற்களே பக்கம் பக்கமாக நிறைந்திருந்தால் நன்றி சொல்லி எழுந்துவிடலாம். எங்கே பார்த்தார், எங்கே பார்க்க இயலவில்லை, ஏன் என்று எழுதுகிறவரே நமக்குரியவர். டெப்ட்ஃபோர்டுத் தளத்தார் ஓரடுக்குப் பலகை என்று எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலில் பிழை நேர்ந்தால் ஈடுசெய்யும் காப்பீடு அவரிடம் உண்டா என்றும் கேட்க வேண்டும். மேலைநாட்டு ஆய்வாளர்களின் ஒப்பந்தத் தாளில் பொறுப்பின் எல்லையைக் குறுக்கும் வாசகங்கள் சிறு எழுத்தில் கிடக்கும். கையொப்பத்துக்கு முன் படிக்க வேண்டும். எஞ்சின் பெரும்பாலும் அவருடைய எல்லைக்கு வெளியே நிற்கும். அதற்குத் தனி மெக்கானிக் தேவைப்படும். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பகுதியைக் காணாமல் முழுச் சோதனை என்று சொல்லிக்கொள்ள இயலாது. தூக்கும் கூலி வாங்குபவர் தலையில்தான் விழும். பலர் கஞ்சத்தனம் பார்ப்பது இங்கேதான். வாங்குபவர் அன்றைய நாள் முழுவதும் உடனிருப்பது நல்லது. பேச்சுக் கொடுத்து இடையூறு செய்யாமல், ஆய்வாளர் எங்கே தயங்கி நிற்கிறார், எந்த இடத்தை இரண்டாம் முறை தட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முன்பணம் கொடுக்கும்போதே, ஆய்வு திருப்தியளித்தால் மட்டுமே விற்பனை நிறைவேறும் என்ற நிபந்தனையை எழுதிக்கொள்வது மேலை நாடுகளில் வழக்கம். அறிக்கை வந்தபின் மூன்று வழிகள் திறந்திருக்கும்: குறைகளைக் காட்டி விலையைக் குறைக்கலாம், விற்பவரே சரிசெய்து தரும்படி கேட்கலாம், முன்பணத்தைப் பெற்றுக்கொண்டு விலகலாம். மூன்றாவது வழிதான் மனத்துக்குக் கடினமானது. ஆறு மாதம் தேடி, மனைவி மக்களிடம் படகின் பெயரைக்கூடச் சொல்லி மகிழ்ந்துவிட்டபின், முப்பது பக்க அறிக்கை வேண்டாம் என்கிறது. ஆய்வாளருக்குக் கொடுத்த பணம் வீணாயிற்று என்று அன்றைக்குத் தோன்றும். வாங்கினவர்களோ அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய படகுக்குக் காப்பீடு கேட்டுப் போகும்போது அவர்கள் முதலில் கேட்கும் தாள் பெரும்பாலும் அதுதான். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் புதிதாக ஒன்று கேட்பார்கள்.